மல்லாரிக்கு யார் சொந்தக்காரர்? போட்டி ஆணையத்துக்கு ஒரு நாகஸ்வரக் கலைஞரின் திறந்த மடல்

இந்தியப் போட்டி ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்கள் அவர்களுக்கு,

போன வைகாசி விசாகத்தன்று எங்கள் ஊர்க் கோவிலில் சுவாமி புறப்பாட்டுக்கு நானும் என் தம்பியும் மல்லாரி வாசித்தோம். இரண்டு தவில், ஒரு தாளம், ஒரு சுருதிப் பெட்டி. என் மகன் அதைக் கைபேசியில் பிடித்து அன்றிரவே எங்கள் சேனலில் ஏற்றினான். காலையில் எழுந்து பார்த்தால் காணொளிக்குக் கீழே ஓர் அறிவிப்பு. இதில் உள்ள இசை ஓர் இசை நிறுவனத்துக்குச் சொந்தமானது, இதிலிருந்து வரும் விளம்பரப் பணம் இனி அவர்களுக்குப் போகும் என்று.

அந்த நிறுவனம் எது, அந்தத் தளம் எது என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒருவரைப் பழிப்பதற்காக நான் இதை எழுதவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றை ஓர் இயந்திரம் ஒருவர் பெயருக்கு எழுதிக் கொடுக்கிறது. அதைக் கேட்க இந்த நாட்டில் ஓர் அலுவலகமும் இல்லை. சந்தையில் பெரியவர்கள் அநியாயம் செய்யாமல் பார்த்துக்கொள்ளும் நீங்கள்தான் அந்த அலுவலகமாக இருக்க வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

மல்லாரி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாமி கோவிலை விட்டு வீதிக்குக் கிளம்பும்போது கம்பீர நாட்டை ராகத்தில் வாசிப்பது அது. பாட்டு வரிகள் கிடையாது. தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒன்று, சாமிக்குப் படைக்கும் தளிகைக்கு ஒன்று. நாங்கள் வாசித்ததை எனக்கு என் அப்பா சொல்லிக் கொடுத்தார். அவருக்கு அவருடைய மாமா. அதற்கு முன்னால் யார் என்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதை இயற்றியவர் தன் பெயரை எங்கேயும் போட்டுவிட்டுப் போகவில்லை.

சேனல் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பங்குனி, சித்திரை முகூர்த்தங்கள் எல்லாம் போயின. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த அப்பாவைப் பேரன் திண்ணையில் உட்கார வைத்து, "தாத்தா, ஒரு ராகம் வாசிங்க" என்று பதிவு செய்ய ஆரம்பித்தான். அப்படித்தான் தொடங்கியது. வர்ணம், கீர்த்தனை, ராக ஆலாபனை, நாயனத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியை எப்படிப் பதப்படுத்துவது என்பது வரை அப்பா சொல்லிக் கொடுத்தார். யாழ்ப்பாணத்திலிருந்தும் டொரண்டோவிலிருந்தும் பிள்ளைகள் பார்த்துச் சந்தேகம் கேட்டார்கள். 2021ல் அப்பா போய்விட்டார். அவர் வாசித்த நூற்றுப்பத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் அந்தச் சேனலில் இருக்கின்றன. இது இந்த மடலில் பிறகு முக்கியமாகும், அதனால் சொல்கிறேன்.

விளம்பர வருமானம் பெரிதாக ஒன்றுமில்லை. நல்ல மாதத்தில் ஏழாயிரம், எட்டாயிரம். ஆனால் எங்கள் தொழிலில் ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. அந்த இரண்டு மாதம் வீட்டுக்கு அரிசி வாங்கியது சேனல் பணம்தான்.

2023லிருந்து உரிமைக்கோரல்கள் வரத் தொடங்கின. காப்பிரைட் கிளெய்ம் என்று எல்லோரும் சொல்வார்கள். என் மகன் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறான். இதுவரை 47. இவற்றில் மூன்று நியாயமானவை. திருமண வீடுகளில் கேட்கிறார்கள் என்று நாங்கள் சினிமாப் பாட்டை நாயனத்தில் வாசித்துப் போட்டிருந்தோம். அந்த மெட்டு ஓர் இசையமைப்பாளருடையது, பணம் அவருக்குப் போவதுதான் சரி. மீதி 44ல் ஒன்றுகூடச் சட்டப்படி செல்லாது. கர்நாடக இசையின் மும்மூர்த்திகளைப் பாருங்கள். தியாகராஜர் காலமானது 1847ல், தீட்சிதர் 1835ல், சியாமா சாஸ்திரி 1827ல். மூவரும் பிறந்தது திருவாரூரில், எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். நமது பதிப்புரிமைச் சட்டப்படி இசைப் படைப்புக்கு இயற்றியவர் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டுகள்தான் உரிமை. இந்த மூவரின் கீர்த்தனைகளுக்கும் இன்று எவரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் இவற்றுக்குத்தான் எங்களுக்கு அதிகம் கோரல் வந்திருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். நிறுவனம் தன் கையில் உள்ள ஒலிப்பதிவுகளைத் தளத்திடம் கொடுத்து வைக்கிறது. தளம் ஒவ்வொன்றுக்கும் கைரேகை மாதிரி ஓர் அடையாளம் எடுத்து வைத்துக்கொள்கிறது. புதிதாக ஏறும் ஒவ்வொரு காணொளியையும் அதோடு ஒப்பிடுகிறது. கேசட் காலத்தில் ஒரு பெரிய வித்வான் அதே கீர்த்தனையை வாசித்திருப்பார். ஒரே பாடாந்தரம் (குரு வழியாக வந்த பாட முறை), ஒரே கட்டை (சுருதி), ஏறக்குறைய ஒரே காலப்பிரமாணம் (வேகம்). எங்கள் மரபில் குரு வாசித்தது போலவே வாசிப்பதுதான் பயிற்சி. அப்படி வாசித்தால் இயந்திரத்துக்கு அது திருட்டாகத் தெரிகிறது.

அவருடைய அந்த ஒலிப்பதிவை நான் எடுத்துப் போட்டிருந்தால் அது தவறு. ஒலிப்பதிவுக்கு வெளியான பிறகு 60 ஆண்டுகள் உரிமை உண்டு, அதை மதிக்கிறேன். நான் போட்டது என் மூச்சு. சட்டத்தின் 38ஆம் பிரிவு நிகழ்த்துக் கலைஞருக்குத் தன் நிகழ்ச்சியின் மேல் 50 ஆண்டுகள் உரிமை கொடுக்கிறது. அப்படிப் பார்த்தால் அந்த வைகாசிக் காணொளியில் உரிமை உள்ளவர்கள் நானும் என் தம்பியும் அந்தத் தவில்காரர்களும்தான். எங்களைத் தவிர எல்லோருக்கும் அதில் பணம் போனது.

ஒரு சிறுமியின் கதையையும் கேளுங்கள். என்னிடம் வாய்ப்பாட்டுப் படிக்கிறாள், பத்து வயது. பாரதி நினைவு நாளுக்காக அவருடைய ஒரு பாட்டைப் பாடினாள். மெட்டு நான் போட்டது. பின்னணியில் சுருதிப் பெட்டி மட்டும். அதற்கும் கோரல் வந்தது. எந்த இடத்தில் பொருந்துகிறது என்று காட்டும் கோட்டைப் பார்த்தோம். அவள் பாடத் தொடங்குவதற்கு முன்னால் உள்ள பதினெட்டு நொடி, சுருதி மட்டும் ஒலிக்கும் இடம். அதே வகைச் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு யாரோ பதிவு செய்த ஆல்பம் ஒன்று நிறுவனம் தளத்திடம் கொடுத்து வைத்த பட்டியலில் இருந்திருக்கிறது. சுருதிப் பெட்டியில் ஒலிக்கும் ஸட்ஜமம், பஞ்சமம் என்ற இரண்டு ஸ்வரத்துக்கும் ஒரு நிறுவனம் உரிமை கேட்டு, அது கிடைத்தும்விட்டது. அந்தக் குழந்தை, "நான் யாருடைய பாட்டையும் திருடலையே சார்" என்று என்னிடம் கேட்டாள். இதை எழுதும்போதும் அந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது.

அதுவும் பாரதி பாட்டு. அந்தப் பாடல்களை எல்லோருக்கும் பொதுவாக்க இந்த மண்ணில் எத்தனை பேர் பேசினார்கள், எழுதினார்கள். 1949ல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்றது. இசைத்தட்டு உரிமையை வைத்திருந்த ஏவி. மெய்யப்பச் செட்டியார் அதைப் பணம் வாங்காமல் விட்டுக் கொடுத்தார். 1955ல் அரசு அதை மக்களுக்கே பொதுவாக்கியது. நாட்டுடைமை என்ற சொல் தமிழ்நாட்டில் வீட்டுப் பேச்சில் புழங்குவதற்கு அதுதான் தொடக்கம். ஓர் அரசு யோசித்து, விவாதித்து மக்களுக்குக் கொடுத்ததை இன்று ஓர் இயந்திரம் ஒரு நொடியில் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

சரி, மறுக்கலாமே என்று கேட்பீர்கள். மறுத்தோம். முதல் ஆறு கோரல்களுக்கும் "இது பொதுச் சொத்து" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து, இயற்றியவரின் காலத்தையும் எழுதி அனுப்பினோம். அந்த மறுப்பு நேராகக் கோரியவரிடமே போகிறது. அவர்தான் அதைப் பார்த்து முடிவு சொல்கிறார். அதற்கு அவருக்கு ஒரு மாதம் அவகாசம். இரண்டு கோரல்களை விட்டுக் கொடுத்தார்கள். நான்கில், கடைசி நாளுக்கு முந்தைய நாள், "உரிமைக்கோரல் உறுதி செய்யப்பட்டது" என்று ஒரே வரி. காரணம் இல்லை, பெயர் இல்லை, பேசுவதற்கு ஒரு மனிதர் இல்லை. திருவிழாக் காணொளியை மக்கள் பார்ப்பது முதல் ஒரு வாரம்தான். ஒரு மாதம் கழித்து ஜெயித்தாலும் அதற்குள் பார்ப்பவர்கள் போய்விடுவார்கள்.

அடுத்த படி மேல்முறையீடு. அந்தப் பக்கத்தைத் திறந்ததும் எச்சரிக்கை வருகிறது. மேல்முறையீட்டை எதிர்த்து அவர்கள் நீக்கக் கோரிக்கை அனுப்பினால் உங்கள் சேனல் மேல் ஒரு குற்றப்புள்ளி விழும். மூன்று விழுந்தால் சேனலே போகும். என் மகன் கையை எடுத்துவிட்டான். அப்பாவின் பதிவுகள் அதில் இருக்கின்றன. பிரதி எடுத்து வைத்திருக்கிறோம், ஆனால் யாழ்ப்பாணத்துப் பிள்ளை அப்பாவைத் தேடி வருவது அந்தச் சேனலுக்குத்தான், எங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்க்குக்கு அல்ல. நாற்பது ரூபாய் கோரலை எதிர்க்க என் அப்பாவைப் பணயம் வைக்க முடியவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் எதையும் மறுக்கவில்லை. மீதி எல்லாக் கோரல்களையும் வாய் மூடி ஏற்றுக்கொண்டோம்.

இந்த அமைதியைத்தான் தளங்கள் தங்களுக்கு ஆதாரமாகக் காட்டுகின்றன. யூடியூப் 2021ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதத்துக்கு ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த ஆறு மாதத்தில் 72 கோடிக்கும் மேற்பட்ட தானியங்கிக் கோரல்கள். அவற்றில் மறுக்கப்பட்டவை 1 சதவீதத்துக்கும் குறைவு. எனவே இயந்திரம் சரியாக வேலை செய்கிறது என்பது அவர்கள் வாதம். ஆனால் அதே அறிக்கையில், மறுக்கப்பட்டவற்றில் 60 சதவீதம் காணொளி போட்டவருக்குச் சாதகமாக முடிந்தன என்றும் இருக்கிறது. வாயைத் திறந்த பத்துப் பேரில் ஆறு பேர் பக்கம் நியாயம் இருந்திருக்கிறது. வாயைத் திறக்காதவர்களை யாரும் எண்ணவில்லை. எங்களை அந்த 99 சதவீதத்தில் சேர்த்து, "இவர்கள் ஒப்புக்கொண்டார்கள்" என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

தனக்குச் சொந்தமில்லாததைக் கோரிப் பணம் பண்ண முடியுமா என்ற சந்தேகமும் வேண்டாம். அமெரிக்காவில் இரண்டு பேர், தங்களுக்குத் தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான லத்தீன் அமெரிக்கப் பாடல்களைத் தங்களுடையவை என்று சொல்லி, யூடியூப் வழியாக 2 கோடி டாலருக்கும் மேல் வாங்கினார்கள். 2023ல் அவர்களுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அது அப்பட்டமான மோசடி. எங்கள் விஷயத்தில் இசை நிறுவனங்கள் திட்டம் போட்டுத் திருடுகின்றன என்று நான் சொல்லவில்லை. யாரும் பார்க்காமலே பணம் இடம் மாறும்படி அந்த ஏற்பாடு அமைந்திருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

என் மகள் சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். இனி நான் சொல்லும் பிரிவுகளை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

நம் நாடாளுமன்றம் இந்தப் பிரச்சினையை யோசிக்காமல் விடவில்லை. 2012ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள், 2013ல் விதிகள் வந்தன. அதில் 75ஆம் விதி, இணையத்தில் ஒன்றை நீக்கச் சொல்பவர் எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்கிறது. எழுத்தில் புகார் தர வேண்டும். எது தன் படைப்பு, தான்தான் உரிமையாளர் என்பதற்கு என்ன விவரம் என்று காட்ட வேண்டும். நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு 21 நாளுக்குள் உத்தரவு கொண்டுவருகிறேன் என்று உறுதி தர வேண்டும். புகாரில் உள்ள விவரம் சரியென்று பட்டால், 36 மணி நேரத்துக்குள் தளம் அதை நிறுத்தி வைக்க வேண்டும். 21 நாளில் உத்தரவு வராவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம்.

இதில் சுமை யார் தலையில் இருக்கிறது என்று பாருங்கள். கேட்பவர் தலையில். உரிமை இருக்கிறது என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும், நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். தளத்தின் சொந்த ஏற்பாட்டில் எல்லாம் தலைகீழ். கேட்டவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், நான் ஓடுகிறேன். படைப்பாளிக்கு உரிமை கொடுத்த அதே சட்டம், அந்த உரிமை எங்கே முடிகிறது என்றும் எல்லை வைத்திருக்கிறது. தளத்தின் ஏற்பாடு உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லையைத் தூக்கி எறிந்துவிட்டது.

அடிப்படையில்லாமல் மிரட்டுபவர் மேல் வழக்குப் போடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு வழி தருகிறது. ஆனால் ஒரு காணொளிக்கு நாற்பது, ஐம்பது ரூபாய் நட்டத்துக்கு எந்த நாகஸ்வரக்காரர் வக்கீல் வைப்பார்?

இது பதிப்புரிமை விவகாரம், எங்களிடம் ஏன் வருகிறீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். உங்களிடம் வருவதற்குக் காரணம் ஒன்றுதான். எனக்குப் போக வேறு இடமில்லை. இன்னொரு தளத்தில் இதே பதிவுகளை ஏற்றிப் பார்த்தோம். மூன்று மாதத்தில் பார்த்தவர்கள் பதினொரு பேர், அதில் நான்கு பேர் எங்கள் வீட்டுக்காரர்கள். கேட்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். பத்துக் கடை இருந்து ஒரு கடைக்காரர் அநியாயம் செய்தால் நான் அடுத்த கடைக்குப் போவேன், அந்தப் பயத்திலேயே அவர் திருந்துவார். இங்கே இருப்பது ஒரே வீதி. தேர் ஓடும் அந்த வீதியில் யாரோ சுங்கச் சாவடி போட்டு, சாமிக்கு முன்னால் போகும் நாயனத்துக்குக் கட்டணம் வாங்குகிறார்கள். வீதியை நிர்வகிப்பவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

நிற்பதற்கும் காரணம் இருக்கிறது. விளம்பரப் பணத்தில் தளத்தின் பங்கு, நான் வாங்கினாலும் அந்த நிறுவனம் வாங்கினாலும் தளத்துக்கே வருகிறது. பொய்க் கோரலைக் கண்டுபிடிக்க ஆள் போட்டால் தளத்துக்குச் செலவு, கண்டுகொள்ளாவிட்டால் ஒரு பைசா நட்டமில்லை. பெரிய நிறுவனங்கள் கோபித்துக்கொண்டால் வழக்கு வரும், நான் கோபித்துக்கொண்டால் ஒன்றும் வராது. அந்த அடையாளம் காணும் கருவியைக்கூட என்னைப் போன்றவர்களுக்குத் தருவதில்லை. ஒரு திருமண வீடியோ நிறுவனம் அப்பாவின் கல்யாணி ஆலாபனையை எடுத்துத் தன் விளம்பரத்துக்குப் போட்டுக்கொண்டது. அதைப் பிடிக்க எங்களுக்குக் கருவி இல்லை. மகன் தற்செயலாகப் பார்த்ததால்தான் தெரிந்தது. அதே கருவி பெரியவர் கையில் மட்டும் இருக்கிறது. போட்டிச் சட்டம் 2002ன் 4ஆம் பிரிவு, ஆதிக்க நிலையில் உள்ளவர் நியாயமற்ற, பாரபட்சமான நிபந்தனை விதிப்பதைத் தடை செய்கிறது. இது அதில் வராது என்றால் வேறு எது வரும்?

அறிவுசார் சொத்துரிமை என்ற சொல்லைக் கேட்டதும் நீங்கள் பின்வாங்கியதில்லை. அதனால்தான் நம்பிக்கையோடு எழுதுகிறேன். 2014ல் கார் உதிரிபாக வழக்கில் 14 நிறுவனங்கள், உதிரிபாகங்கள் எங்கள் அறிவுசார் சொத்து, அதனால்தான் வெளிச்சந்தையில் விற்கவில்லை என்று வாதாடின. ஆணையம் அதை ஏற்காமல் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. போட்டிச் சட்டத்தின் 3(5) பிரிவு அறிவுசார் சொத்துரிமையைக் காக்கத் தேவையான நியாயமான நிபந்தனைகளுக்குத்தான் விலக்குத் தருகிறது. 4ஆம் பிரிவுக்கு அந்த விலக்கும் கிடையாது. அதே 2014ல், பண்பலை வானொலிகளிடம் பாட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும் மாதாமாதம் குறைந்தபட்சக் கட்டணம் வாங்கிய ஓர் இசை நிறுவனத்தின் நடைமுறை ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவது என்று தீர்ப்புச் சொன்னீர்கள். உண்மையான உரிமை வைத்திருந்தவர்களையே நீங்கள் கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

இதற்கு ஒரு எதிர்வாதம் வரும் என்று மகள் சொன்னாள். காப்புரிமை (பேடன்ட்) பெற்ற தொழில்நுட்பங்களுக்கு உரிமம் தருவது பற்றிய விவகாரங்களில் காப்புரிமைச் சட்டமே மேலோங்கும், போட்டி ஆணையம் அதற்குள் வர முடியாது என்று 2023 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை எதிர்த்த மேல்முறையீட்டை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நாளைக்குப் பதிப்புரிமைக்கும் இதையே சொல்வார்கள். ஆனால் அங்கே ஒரு காப்புரிமை இருந்தது, அதை அதன் சொந்தக்காரர் எப்படிப் பயன்படுத்தினார் என்பது கேள்வி. இங்கே உரிமையே இல்லை. இல்லாத உரிமைக்குச் சிறப்புச் சட்டத்தின் பாதுகாப்பு எங்கிருந்து வரும்?

எனக்கு அதிக வருத்தம் தந்தது டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவுதான். நாடாளுமன்ற நிதி நிலைக்குழு 2022 டிசம்பரிலேயே தனிச் சட்டம் வேண்டும் என்றது. 2023 பிப்ரவரியில் குழு அமைத்து, 2024 மார்ச்சில் வரைவு வெளிவந்தது. பெரிய தளங்களைத் தவறு நடந்த பிறகு தண்டிக்காமல், முன்கூட்டியே கடமைகளை விதிக்கும் நோக்கம் எனக்குப் பிடித்திருந்தது. பட்டியலில் உள்ள ஒன்பது சேவைகளில் காணொளிப் பகிர்வுத் தளமும் இருக்கிறது. இந்தியாவில் 4,000 கோடி ரூபாய் விற்றுமுதல், 1 கோடி பயனர்கள் என்று அளவுகோல்களும் வைத்திருந்தார்கள். நியாயமாக நடக்க வேண்டும், புகாரைக் கேட்க ஏற்பாடு வேண்டும் என்றும் இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் அறிவுசார் சொத்துரிமை அந்த வரைவில் எங்கே வருகிறது என்று தேடிப் பார்த்தோம். உரிமை மீறலைத் தடுப்பதைக் காரணமாக வைத்துத் தளங்களின் கடமைகளைத் தளர்த்தலாம் என்னும் இடத்தில் வருகிறது. பொய்யான உரிமைக்கோரலிலிருந்து யாரைக் காப்பது என்று ஒரு வரி இல்லை. அந்த வரைவும் இந்த மடலை எழுதும் நாள்வரை சட்டமாகவில்லை.

இந்த நாடு இப்படிப்பட்ட விஷயத்தில் தூங்கிய நாடு அல்ல. மஞ்சளுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தபோது நம் விஞ்ஞானிகள் பழைய நூல்களைக் காட்டி 1997ல் அதை ரத்து செய்ய வைத்தார்கள். அதற்குப் பிறகு மரபறிவுக்கென்று ஒரு டிஜிட்டல் நூலகமே கட்டினோம். வேறெந்த நாட்டுக் காப்புரிமை அலுவலகமும் அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும் என்று. 2022ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தைக் கடையும் அந்தக் கைகளுக்கு அது நியாயமான மரியாதை, நான் வாசிப்பதும் அங்கே செய்த நாயனம்தான். மரத்துக்குக் காவல் இருக்கிறது. அதன் வழியாக வரும் மல்லாரிக்கு இல்லை.

ஆகவே நான் கேட்பவை இவை.

முதலில், தானியங்கிப் பதிப்புரிமைக் கோரல்கள் பற்றி ஆணையம் ஒரு சந்தை ஆய்வு நடத்த வேண்டும். 2020ல் மின்வணிகத்துக்கும் 2022ல் திரைப்பட விநியோகத்துக்கும் நடத்தினீர்கள். எத்தனை கோரல்கள், எத்தனை மறுப்புகள், எந்த நிறுவனத்தின் கோரல்கள் எத்தனை முறை தோற்றன, அந்த இடைக்காலத்தில் பணம் யாரிடம் இருந்தது என்ற கணக்கை இந்தியாவுக்கென்று தனியாகத் தளங்களிடம் கேட்டு வெளியிடுங்கள். மறுக்காமல் விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்றும் கேளுங்கள்.

இரண்டாவது, டிஜிட்டல் போட்டி மசோதாவைத் திரும்ப எடுக்கும்போது கம்பெனி விவகார அமைச்சகத்துக்கு இதை எழுத்தில் பரிந்துரையுங்கள். பெரிய காணொளித் தளங்களில் கோருபவர் எந்தப் படைப்பு, இயற்றியவர் யார், அவர் காலமான ஆண்டு எது என்று சொல்லாமல் கோரல் செல்லக் கூடாது. மறுப்பு வந்தவுடன் அந்தப் பணம் கோரியவருக்கும் போகாமல் எனக்கும் வராமல் தனியாக நிற்க வேண்டும். மறுப்பைக் கோரியவரே தீர்ப்பது நிற்க வேண்டும், அந்த இசை தெரிந்த ஒரு மனிதர் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2019ல் கொண்டுவந்த பதிப்புரிமை உத்தரவில், நீக்கத்துக்கு எதிரான புகாரை மனிதர்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று இருக்கிறது. நமக்கும் அது வேண்டும். நம் 75ஆம் விதியில் உள்ள 21 நாள் கணக்கு இந்தத் தானியங்கிக் கோரல்களுக்கும் பொருந்த வேண்டும். மேல்முறையீடு செய்ததற்காக ஒருவருடைய சேனலுக்குக் குற்றப்புள்ளி விழக் கூடாது. திரும்பத் திரும்பப் பொய்க் கோரல் செய்பவருக்கு அந்தக் கருவி பறிக்கப்பட வேண்டும், வாங்கிய பணம் திரும்ப வர வேண்டும்.

மூன்றாவது, பொதுச் சொத்தான இசைக்கு ஒரு தேசியப் பட்டியல். மும்மூர்த்திகள், தேவாரம், திருப்புகழ், பாரதி, பெயர் தெரியாதவர்கள் செய்த மல்லாரிகள், இவை போலவே மற்ற மாநிலங்களின் மரபும். பதிப்புரிமையைக் கவனிக்கும் தொழில் மேம்பாட்டுத் துறையும் பண்பாட்டு அமைச்சகமும் அதைச் செய்யலாம், நீங்கள் கேட்டால் செய்வார்கள். பட்டியலில் உள்ள படைப்பின் மேல் வரும் கோரலைத் தளம் தானாகவே நிறுத்தி வைக்கும்படி கட்டாயமாக்குங்கள். இதில் எங்கள் உழைப்பு வேண்டுமென்றால், சம்பளம் கேட்காமல் வாசித்தும் ஸ்வரப்படுத்தியும் கொடுக்க எனக்குத் தெரிந்த முப்பது குடும்பங்கள் தயாராக இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. உங்கள் தென்மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது. சந்தை ஆய்வு தொடங்கினால் அதில் ஒரு நாள் அமர்வைத் தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ வையுங்கள், தமிழில் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஆள் வையுங்கள். ஆடியிலோ மார்கழியிலோ வைத்தால் எல்லோரும் வர முடியும். தேதி போட்ட அந்த நோட்டோடு நான் வருகிறேன், அந்தச் சிறுமியையும் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நாகஸ்வரக் கலைஞர்,
திருவாரூர் மாவட்டம்.